பந்தலுக்குள் ஒரு பேனா ஊசி

உண்ணாவிரதத்தைப் பழச்சாறு கொடுத்து முடித்து வைக்க வேண்டியவர் ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிவிட்டார் என்று மைக்கில் சொன்னார்கள். மத்தியானத்திலிருந்தே அவர் எதையாவது தாண்டிக்கொண்டுதான் இருந்தார். முதலில் தாராபுரத்தைத் தாண்டினார், அப்புறம் ஒரு கல்யாண வீட்டைத் தாண்டினார், இப்போது ஒட்டன்சத்திரம். தலைவர்கள் வருகிற பாதையில் ஊர்கள் தள்ளித் தள்ளிப் போகும் என்பது சௌந்தரவல்லிக்குப் பழகிய சங்கதி. மில் தொழிலாளர் சங்கத்துக்கு வந்த நாள் முதல் அதற்காக அவள் பதறியதில்லை. இன்றைக்குப் பதறினாள். மடியிலிருந்த துணிப்பையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பைக்குள் பிளாஸ்க், பிளாஸ்குக்குள் ஐஸ் கட்டி, ஐஸ் கட்டிக்கு நடுவில் துண்டில் சுற்றிய பேனா. எழுதுகிற பேனா இல்லை. பின்பக்கத்தைத் திருகினால் கடக் கடக்கென்று சத்தம் போட்டு மருந்தின் அளவைக் காட்டும். நுனியில் மயிரிழை போல ஓர் ஊசி மாட்டிக்கொள்ளும். ஆறு மணி ஆனால் அதை அவளே தன் அடிவயிற்றில் குத்திக்கொள்ள வேண்டும். கருமுட்டை வளர்வதற்கான மருந்து. ஒரு நாள் விட்டாலும் போட்டதெல்லாம் வீணாப் போயிரும்மா என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். டாக்டரம்மா இன்னும் சுருக்கம்: இதுதான் கடைசித் தடவை, இதற்கு மேல் உங்கள் வயதில் நான் செய்ய மாட்டேன். எதிரே தாலுகா ஆபீஸ் கடிகாரத்தில் முள் ஆறை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று அவளுக்குத் தெரியாது. சர்க்கார் கடிகாரம். அதை நம்பி எந்தப் போராட்டத்தையும் அவள் தொடங்கியதில்லை, முடித்ததுமில்லை.

ஐஸ் உருகியிருக்கும். காலையில் வீட்டில் போட்ட ஐஸ். சாயங்காலம் ஐந்துக்கு உண்ணாவிரதம் முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று கையோடு எடுத்து வந்தாள், தலைவர்களைப் பற்றித் தெரிந்தவள் என்பதால். எடுத்து வந்ததில் இன்னொரு வினை. உண்ணாவிரதப் பந்தலுக்குள் பிளாஸ்கோடு வந்து உட்கார்ந்த தலைவி ஊரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். காலையிலேயே கோன் வைண்டிங் பிரிவு செல்லக்கனி கேட்டுவிட்டாள், "என்ன தோழரக்கா, பிளாஸ்குல காப்பியா? எங்களுக்கும் ஆளுக்கு ஒரு வாய்." பக்கத்திலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "வெந்நீத்தா. தொண்டை கட்டியிருக்கு" என்றாள் இவள். தண்ணீர் குடிக்கலாம், வெந்நீரும் தண்ணீர்தான், அதில் குற்றமில்லை. ஆனால் வெந்நீர் பிளாஸ்கை யாராவது தொண்டை வறண்டு வாங்கித் திறந்து பார்த்தால் உள்ளே பனிக்கட்டி மிதக்கும். அதற்குப் பயந்தே பகல் முழுக்கப் பையை மடியைவிட்டு இறக்கவில்லை. ஒண்ணுக்குப் போகும்போதும் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். போலீஸ்காரிகூடப் பார்த்தாள். எத்தனை சோதனைகளைக் கடந்து எத்தனை துண்டறிக்கைகளை இதே பையில் மில் கேட்டுக்குள் கொண்டுபோயிருக்கிறாள். அப்போதெல்லாம் பிடிபட்டால் வேலை போகும், வழக்கு வரும், அவ்வளவுதான். அந்தப் பயத்துக்கு ஒரு மரியாதை இருந்தது. பிடிபட்டால் நாலு பேர் பாராட்டுவார்கள். இந்தப் பயத்துக்கு என்ன பேர் வைப்பது? உண்ணாவிரதத்தில் உட்கார்ந்தவள் ஊசி போட்டுக்கொண்டாள் என்றால் குளுக்கோஸ் என்பார்கள். சோறு தின்றுவிட்டு வந்து உட்கார்ந்தாள் என்பதைவிடக் கேவலம் அது. மில்காரன் அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டுவான். ஒட்ட வேண்டும். அவன் இடத்தில் இவள் இருந்தாலும் ஒட்டியிருப்பாள்.

பேசாமல் சொல்லிவிட்டால் என்ன? காலையிலிருந்து இந்தக் கேள்வி வந்து வந்து முட்டிவிட்டுப் போகிறது. சங்கத் தலைவர் வீரணனைக் கூப்பிட்டு, தோழர், எனக்கு ஒரு வைத்தியம் நடக்குது, ஆறு மணிக்கு நான் ஒரு கால் மணி நேரம் எழுந்து போகணும் என்றால் போகச் சொல்லுவார். என்ன வைத்தியம் என்று கேட்கவும் மாட்டார். பொம்பளை சமாச்சாரம் என்று நினைத்துக் காதைச் சொறிவார். ராத்திரிக்குள் அவர் வீட்டம்மாவுக்குத் தெரியும். நாளைக்கு ரிங் ஸ்பின்னிங் பிரிவு முழுக்கத் தெரியும். அதற்கப்புறம் கேட் கூட்டத்தில் அவள் பேச எழும்போது எல்லாக் கண்ணும் முகத்தைவிட்டு இறங்கி வயிற்றில் நிற்கும். நின்னுச்சா தோழரக்கா? இந்த மாசமாவது நின்னுச்சா? இதற்கு முன் இரண்டு தடவை கரு நிற்காமல் போனதை அவளும் அவள் வீட்டுக்காரர் சேதுராசனும் மட்டும்தான் அறிவார்கள். இரண்டாவது தடவை ரிசல்ட் வந்த அன்றைக்கு எட்டு மணி நேர வேலைக்கான மாநாடு. மேடைக்குப் பின்னால் போனில் கேட்டுவிட்டு நேரே மைக்குக்குப் போனாள். நன்றாகப் பேசினாள் என்றார்கள். அன்றைக்கு என்ன பேசினோம் என்பது இன்று வரை ஒரு வரிகூட நினைவில் இல்லை. சேதுராசன் டிரைவர், சங்க வேலையாகச் சென்னைக்குப் போயிருக்கிறார். முதலில் அவர்தான் ஊசி போட்டார். பேருந்தை மலைப்பாதையில் ஒடித்துத் திருப்புகிற கை, இவள் வயிற்றுக்கு முன்னால் நடுங்கியது. கொடுங்க இங்க என்று வாங்கிக்கொண்டாள். அன்றோடு சரி. இப்போது சாயங்காலம் ஆனால் போன் பண்ணுவார், பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள் என்று ஊசியைச் சொல்லாமல், "நோட்டீஸ் ஒட்டியாச்சா?" என்று கேட்பார். "ஒட்டியாச்சு." "சரி." அவ்வளவுதான் பேச்சு. புருஷன் பெண்சாதிக்குள் தலைமறைவுக் காலம்.

மைக்கில் வீரணன் மறுபடி ஆரம்பித்தார். கர்ப்பமான மூன்று பெண்களை வேலையைவிட்டு நிறுத்தியதே இந்த நிர்வாகம், ஒரு தாயின் வயிற்றைப் பார்த்து வெளியே போ என்றதே. காலையிலிருந்து அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதெல்லாம் தாய் என்கிற இடத்தில் குரல் இறங்குகிறது. அந்த வாக்கியம் வந்த துண்டறிக்கையை எழுதியது சௌந்தரவல்லி. எட்டாவதோடு நின்றவள். அச்சாபீஸில் பிழை திருத்தப் போய், வந்த துண்டறிக்கைகளை எல்லாம் படித்துப் படித்தே தமிழ் கற்றவள். கண்டிக்கிறோம், வன்மையாகக் கண்டிக்கிறோம், இதன் மூலம் எச்சரிக்கிறோம். இந்த மூன்று படிகளுக்குள் உலகத்தையே அடக்கத் தெரிந்தவள். பேச்சுவார்த்தையில் மில்லின் பர்சனல் மேனேஜர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "உங்களுக்குப் பிள்ளை குட்டி இல்லீங்களே மேடம், இதுல உங்களுக்கு என்ன அவ்வளவு அக்கறை" என்றான். "எனக்குப் பிள்ளை இல்ல. உங்களைப் பெத்தவளுக்கும் சேர்த்துத்தான் பேசுறேன்" என்றாள் இவள். அதைத் துண்டறிக்கையில் கட்டம் கட்டிப் போட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. ஆயிரக்கணக்கான பிரதியில் ஊர் முழுக்க அது இருக்கிறது, டீக்கடையில் அதில் பஜ்ஜி மடிக்கிறார்கள். பேசும்போது பெருமையாக இருந்தது. ராத்திரி வீட்டில் பேனாவைத் திருகும்போது பெருமை இல்லை. அந்தப் பதிலைச் சொன்னவள் ஆஸ்பத்திரி வராந்தாவில், சுவரிலிருந்து சிரிக்கிற கொழுத்த குழந்தைப் படங்களுக்குக் கீழே, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று யார் நினைப்பார்கள்? பிள்ளை இல்லாதவள் என்றே அவளைத் தங்கள் தலைவியாக ஏற்றிவிட்டார்கள். இதற்கெல்லாம் மேலானவள் என்று. மேலே ஏற்றப்பட்ட ஆள் இறங்கி வந்து எனக்கும் ஒன்று வேண்டும் என்று கையை நீட்டுவது எப்படி?

ஏற்றியது இன்றைக்கா. கல்யாணத்தன்றே ஏற்றினார்கள். புரோகிதன் இல்லாத கல்யாணம், சங்கக் கட்டடத்து மாடியில், தலைக்கு இருபது நிமிஷம் என்று ஆறு பேர் பேசினார்கள். கடைசியில் பேசிய பெரியவர், இந்த இருவருக்கும் இயக்கம்தான் பிள்ளை, வேறு பிள்ளை எதற்கு என்றார். கை தட்டினார்கள். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்துகொண்டு இவளும் தட்டினாள். சேதுராசனும் தட்டினார். அன்றைக்கு அது பெரிய காரியமாகத் தோன்றியது. மலையைப் புரட்டப் போகிறவர்களுக்குத் தொட்டில் எதற்கு. அப்புறம் ஒரு வேலைநிறுத்தம், ஒரு வழக்கு, ஒரு தேர்தல், மறுபடி வேலைநிறுத்தம். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றே எல்லா வருஷமும் போயிற்று. கை தட்டியவர்கள் எல்லாருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். பெரியவருக்கே மூன்று. ஒருத்தன் கோயம்புத்தூரில் என்ஜினியரிங் படிக்கிறான், சங்கத்தின் பேரைச் சொன்னால் கொட்டாவி விடுவான். அவர்களை நம்பி ஏமாந்தோம் என்று சொல்வதற்கும் வழியில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தட்டியது தன் கை. இதை எந்தத் துண்டறிக்கையில் யாரை எதிர்த்து எழுதுவது? எச்சரிக்கிறோம் என்று யாரை எச்சரிப்பது? வயிறு காலையிலிருந்து காலி, உள்ளே ஏதோ ஒரு நரம்பைப் பிடித்து யாரோ மெல்ல இழுத்துக்கொண்டே இருந்தார்கள். நல்லாச் சாப்பிடணும், முட்டை சாப்பிடணும், அலையக் கூடாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். ஒரு நாள்தானே என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். தலைவி உட்காராத உண்ணாவிரதம் உண்டா? அந்த ஒரு நாளில் உள்ளே வளர வேண்டியது வளராமல் போனால்? பட்டினி கிடந்ததால்தான் போச்சு என்று பிறகு யாராவது சொன்னால்? யார் சொல்லப்போகிறார்கள், யாருக்கும் தெரியாதே. தானே சொல்லிக்கொள்வாள். அதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

கடிகாரத்தில் ஆறு. அவள் எழுந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது, மூங்கிலைப் பிடித்துக்கொண்டாள். "எங்க தோழரக்கா?" என்றாள் செல்லக்கனி. "கால் மரத்துப்போச்சு, நடந்துட்டு வரேன்." "பிளாஸ்கை வேணும்னா வச்சிட்டுப் போங்க, நான் குடிச்சிர மாட்டேன்." "குடிச்சாலும் குடிச்சிருவ" என்று சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள். ஆபீஸ் கழிப்பறையை ஐந்தரைக்கே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மேடையின் பின்பக்கம் பெரிய பிளெக்ஸ் தட்டி, அதன் முதுகுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற சந்து. அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தட்டியில் முன்பக்கம் அச்சடித்த எழுத்துகள் பின்பக்கம் இடம் வலம் மாறித் தெரிந்தன, அவளுடைய படமும் அப்படியே. சுவரோரம் குந்தி உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்தாள். ஐஸ் நகம் அளவுக்கு மிஞ்சியிருந்தது. அப்பாடா. துண்டு ஈரம், பேனா குளிர்ச்சியாகவே இருந்தது. பஞ்சால் வயிற்றைத் துடைத்தாள். ஏற்கெனவே போட்ட இடங்கள் சின்னச் சின்னதாகக் கன்றியிருந்தன, நீலமும் மஞ்சளுமாக. தொப்புளுக்கு இந்தப் பக்கம் ஒரு நாள், அந்தப் பக்கம் ஒரு நாள். இன்றைக்கு இடது பக்கம். பேனாவைத் திருகினாள். கடக், கடக், கடக். ஜெனரேட்டர் சத்தத்தில் காது கேட்கவில்லை, விரல்தான் கேட்டது. சதையைக் கிள்ளிப் பிடித்தாள். பட்டினி வயிற்றுச் சதை நழுவியது. தட்டிக்கு அந்தப் பக்கம் வீரணன், ஒரு தாயின் வயிற்றை என்றார். குத்தினாள். குத்துவது வலிக்காது. அழுத்துவதுதான் எரியும். அழுத்திவிட்டு மனசுக்குள் பத்து எண்ண வேண்டும், அதற்குள் எடுத்தால் மருந்து வெளியே வந்துவிடும். ஒன்று. இரண்டு.

"தோழரக்கா."

நிமிர்ந்தாள். சந்தின் முனையில் பாண்டீஸ்வரி, கையில் தூக்குச்சட்டி மூடி, மூடியில் சாம்பார் சாதம். வேலை போன மூன்று பேரில் இளையவள், ஏழாவது மாதம். புள்ளத்தாச்சி சாப்பிடலாம், ஆனால் போட்டோவில் விழக் கூடாது என்பது வீரணனின் உத்தரவு. அதனால் பகல் முழுக்க அவள் எங்கெங்கோ ஒளிந்து நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சௌந்தரவல்லியின் கை சடாரென்று ஊசியை உருவியது. எத்தனை வரை எண்ணினோம்? ஐந்தா? நாலா? ஊசி நுனியில் ஒரு துளி தொங்கியது. வயிற்றில் ஒரு துளி. அது வழிந்து சேலை மடிப்பில் இறங்கி மறைந்தது.

"உங்களுக்கும் சுகரா தோழரக்கா?" பாண்டீஸ்வரி கிட்டே வந்து குனிந்தாள். குரலில் பயம்தான் இருந்தது, சந்தேகம் இல்லை. "எங்கப்பா இதே பேனாதான் வச்சிருக்காரு. வயித்துலதான் குத்திக்குவாரு. சாப்பாட்டுக்கு முந்திப் போட்டுட்டு உடனே சாப்பிட்டிரணும்பாரு, இல்லாட்டி மயக்கம் வந்துரும். நீங்க காலைல இருந்து பச்சத்தண்ணிதானே?"

சொல்லிவிடலாம். இவளிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? உன் வயிற்றுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், என் வயிற்றுக்கும் சேர்த்து. மேடையில் சொன்னால் கைதட்டு விழுகிற வாக்கியம். அதனாலேயே வாயில் வரவில்லை. பாண்டீஸ்வரியின் நைட்டிக்குமேல் போட்டிருந்த துண்டு விலகி வயிறு கண்ணுக்கு நேராக நின்றது, ஒரு பக்கம் லேசாக மேடு தட்டிப் பிறகு அமர்ந்தது. உள்ளே இருப்பது திரும்பிப் படுக்கிறது. அதைப் பார்த்ததும் வேறொன்று வந்தது, எங்கிருந்து வந்தது என்று தெரியாமல்: இவளிடம் சொன்னால் கரு தங்காது. சொல்லாமல் வைத்திருந்தால்தான் தங்கும். கண் பட்டுவிடும். கண்ணாவது படுவதாவது என்று எத்தனை ஊர் மேடைகளில் கிழித்திருக்கிறாள், எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் காட்டியிருக்கிறாள். அந்த வாய்தான் இப்போது பூட்டிக்கொண்டது. வெட்கம் காதுவரை ஏறியது.

"ஆமாத்தா. சுகர்தான்" என்றாள்.

"அதான பாத்தேன். பிளாஸ்கும் கையுமா." பாண்டீஸ்வரி மூடியை நீட்டினாள். "ஒரு வாய் சாப்பிடுங்க தோழரக்கா. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

"வேணாம். நீ சாப்பிடு. முதல்ல அந்த ஜெனரேட்டர் புகையை விட்டுத் தள்ளி நில்லு."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பஸ் ஸ்டாண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அந்தத் துளி. அது எவ்வளவு இருக்கும்? போட்ட மருந்தில் பாதியா, பாதியில் பாதியா, ஒன்றுமே இல்லையா? பேனாவைத் திறந்து மிச்சத்தை அளந்து பார்க்க முடியாது. மறுபடியும் குத்திக்கொள்ளலாமா? கூடிப்போனால் ஆபத்து, முட்டைப் பை வீங்கிவிடும் என்றாள் நர்ஸ். நர்ஸின் நம்பர் போனில் இருக்கிறது. போனை எடுத்தாள். வலப்பக்கம் செல்லக்கனி தோளில் சாய்ந்து தூங்குகிறாள், இடப்பக்கம் இரண்டு பேர், முன்னால் மைக். சிஸ்டர், ஊசியைச் சீக்கிரம் எடுத்துட்டேன், ஒரு துளி வெளிய வந்துருச்சு. இந்த வாக்கியத்தை எந்தக் குரலில் சொன்னாலும் நாலு பேருக்குக் கேட்கும். போனை உள்ளே வைத்தாள். துளி சேலையில் காய்ந்திருக்கும். அந்த இடத்தை விரலால் தேடினாள், அகப்படவில்லை. ஒரு துளியில் ஒரு பிள்ளையின் எந்தப் பங்கு இருந்திருக்கும்? சீ, என்ன நினைப்பு. மருந்து மருந்துதான். எத்தனை எண்ணினோம். நாலு என்றுதான் தோன்றுகிறது. இல்லை, தோழரக்கா என்று அவள் கூப்பிட்ட பிறகும் ஒன்று எண்ணியிருப்போம். அப்படியானால் ஐந்து. ஐந்து போதுமா? பந்தல் நிறைந்த கூட்டத்துக்கு நடுவே, தன்னைத் தவிர வேறு யாருக்கும் தேவைப்படாத ஓர் எண்ணைத் தேடிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். சேதுராசனின் போன்கூட இன்னும் வரவில்லை. வந்தாலும் ஒட்டியாச்சா என்று கேட்பார். ஒட்டியாச்சு, ஆனா கிழிஞ்சிருக்கும்போலத் தெரியுது என்றா சொல்வது?

மேடையில் ஏதோ சலசலப்பு. பாண்டீஸ்வரி படியோரம் நின்று வீரணனின் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சௌந்தரவல்லி பார்த்ததும் அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். வீரணன் மைக்கைப் பிடித்தார். அவருடைய குரல் தாய் என்கிற இடத்துக்கு இறங்குவதுபோல இறங்கியது. "தோழர்களே, இப்பத்தான் எனக்கு ஒரு செய்தி கிடைச்சது. நம்ம தோழர் சௌந்தரவல்லி சர்க்கரை நோயாளி. தினமும் ஊசி போடுறவங்க. அதை ஒருத்தருக்கும் சொல்லாம, உயிரைப் பணயம் வச்சு, காலையில இருந்து இந்தப் பந்தல்ல உட்கார்ந்திருக்காங்க. இதுதான் தோழர்களே நம்ம சங்கம்." பந்தல் முழுக்கக் கை தட்டியது. செல்லக்கனி விழித்துக்கொண்டு என்ன ஏது என்று கேட்டு, தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் ஒரு கூறுகெட்டவ, காலைல காப்பியானு கேட்டேனே தோழரக்கா" என்று அழ ஆரம்பித்தாள். பத்திரிகைக்காரன் போட்டோ எடுத்தான். சௌந்தரவல்லி எழுந்தாள். எழுந்தது மறுக்கத்தான். தோழர்களே, அது தவறான தகவல் என்ற வார்த்தைகள் வரிசையாகத் தொண்டையில் நின்றன. துண்டறிக்கையில் ஓர் ஊர்ப் பெயர் தப்பாக விழுந்தாலும் கட்டுக் கட்டாகக் கிழித்துப் போட்டவள் அவள். சர்க்கரை இல்லை என்றால் அடுத்த கேள்வி, அப்ப என்ன ஊசி? எல்லா முகமும் அவளைப் பார்த்தது. அன்பாகத்தான் பார்த்தது. இத்தனை பேர் அவள் உடம்பை நினைத்துக் கவலைப்பட்டது இதற்கு முன் நடந்ததில்லை. கையைக் கூப்பினாள். உட்கார்ந்தாள்.

சிறப்பு விருந்தினர் ஒருவழியாக எல்லாவற்றையும் தாண்டி வந்து சேர்ந்தார். கும்பிட்டுக்கொண்டே மேடையேறி, இரண்டு வார்த்தை என்று சொல்லி வெகுநேரம் பேசினார். பிறகு எவர்சில்வர் தம்ளர்கள் தட்டில் வந்தன. வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தார். எலுமிச்சைச் சாறு, நிறையச் சீனி போட்டுக் கரைத்தது. வாங்கிய பெண்கள் கண்ணை மூடிக் குடிப்பதைப் பார்த்தாலே நாக்கு ஊறியது. அவளுடைய உடம்பு முழுக்க அந்த இனிப்புக்காக எழுந்து நின்றது. முறை வந்ததும் கையை நீட்டினாள். "அது இல்ல, அது இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு கை வந்து அந்தத் தம்ளரைத் தள்ளி வேறொன்றை வைத்தது. பாண்டீஸ்வரி. தனியாகக் கலந்து, தட்டில் ஓரமாக வைத்துக் காத்துக் கொண்டுவந்திருக்கிறாள். "சீனி போடாம உப்புப் போட்டுக் கலக்கினேன் தோழரக்கா. மன்னிச்சிருங்க, சொல்ல மாட்டேன்னுட்டுச் சொல்லிட்டேன். மனசு கேக்கல." விருந்தினர் அந்தத் தம்ளரை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார், பத்திரிகைக்காரன் இங்க பாருங்க மேடம் என்றான். சௌந்தரவல்லி அவனைப் பார்த்தபடியே குடித்தாள். உப்புக் கரித்தது. பிள்ளைத்தாச்சிப் பெண் பக்கத்தில் நின்று, கடைசிச் சொட்டு வரை போகிறதா என்று தாயைப் போலக் கவனித்துக்கொண்டிருந்தாள். "நல்லாருக்கா தோழரக்கா?" என்றாள்.

"நல்லாருக்குத்தா" என்று சொல்லித் தம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.